முதல் 512 எழுத்துகள்

தமிழில் நூல் செய்தவர்கள் சட்டென்று நூலுக்குள் நுழைந்துவிடுவதில்லை. முதலில் காப்பு; பிறகுதான் மற்றவை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரரும் அந்த முறைமையை மீறவில்லை. காத்தற் கடவுளாகிய திருமாலை முன்னிறுத்தியே அக்குழந்தைக்குக் காவல் வேண்டுகிறார். ஊர்த் திருவிழாக்களிலும் இதுவே வழக்கம். காப்புக் கட்டிய பிறகே கொண்டாட்டம். தொடக்கம் பழுதுபட்டால் பின்னால் வருவது எதையும் நம்ப இயலாது என்னும் அறிவு இந்தச் சடங்குகளுக்குள் உறைந்திருக்கிறது.

1981 ஆகஸ்டு 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அதற்குக் காப்பு எதுவும் கட்டவில்லை. இன்று நம் மேசைகளிலும் மடிகளிலும் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள். கணினி கண்விழிக்கும் அந்த முதல் சில நொடிகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே புகலாம் என்ற நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்தக் கதவு எப்படித் திறந்து கிடந்தது, யார் யார் நுழைந்தார்கள், பிறகு அதற்குப் பூட்டுப் போட்டவர்கள் யார், சாவி இப்போது எவர் கையில் இருக்கிறது என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம். இலக்கிய வாசகருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். கடந்த முப்பதாண்டுகளில் எழுதப்பட்ட தமிழ் அனைத்தும் இந்தக் கதவைக் கடந்துதான் அச்சுக்குப் போயிருக்கிறது என்பதே நமது பதில்.

கண்விழிக்கும் முறை

விசையை அழுத்தியவுடன் கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. இயங்குதளம் வட்டில் கிடக்கிறது. அதை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும்; அந்த நிரலும் வட்டில்தான் இருக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகத் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் சிறு நிரல் ஒன்றை நிரந்தரமாகப் பதித்து வைத்தார்கள். பயாஸ் என்பது அதன் பெயர். அது நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, வட்டின் முதல் கூற்றை மட்டும் படித்து நினைவகத்தில் வைக்கும். அந்தக் கூற்றின் அளவு 512 பைட்டுகள். ஒரு பைட்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து என்று கொண்டால் 512 எழுத்துகள். ஓர் அஞ்சலட்டையில் நெருக்கி எழுதினால் அடங்கிவிடும்.

அஞ்சலட்டையைப் படித்த கையோடு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். கணினியின் முழு ஆட்சியும் அந்த 512 எழுத்துகளின் வசம் போய்விடும். அதை எழுதியவர் யார், நேற்று இருந்ததும் இன்று இருப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வி எதுவும் அதற்குக் கிடையாது. அந்தச் சிறு நிரல் இயங்குதளத்தை அழைக்கும். இயங்குதளம் மற்ற மென்பொருள்களை அழைக்கும். நச்சுநிரலைத் தேடும் மென்பொருள் இந்த வரிசையில் கடைசி ஆள். முதலில் வந்தவன் தீயவனாக இருந்தால், கடைசியில் வருபவனுக்கு அவன் காட்டும் உலகமே உலகம்.

இன்னொரு வழக்கமும் இதனோடு சேர்ந்துகொண்டது. அக்காலக் கணினிகள் முதலில் ஃப்ளாப்பி செருகும் வாயைப் பார்க்கும். அங்கே எதுவும் இல்லையென்றால்தான் உள்ளிருக்கும் வன்தகட்டுக்குப் போகும். மாலையில் வேலை முடிந்து போகிறவர் ஃப்ளாப்பியை எடுக்க மறந்துவிட்டால், மறுநாள் காலை கணினி அதிலிருந்தே விழிக்க முயலும். இது இயங்குதளம் உள்ள வட்டு அன்று என்று ஒரு வரி திரையில் தோன்றும். நாமும் ஃப்ளாப்பியை உருவிவிட்டு ஏதோ ஒரு விசையைத் தட்டுவோம். அந்த ஒரு வரியைத் திரையில் எழுதுவதும் ஃப்ளாப்பியின் முதல் கூற்றில் உள்ள நிரலே. அதில் நச்சு இருந்தால், நாம் அந்த வரியைப் படிக்கும்போதே அது வன்தகட்டில் குடியேறி முடித்திருக்கும்.

வில்லாபுரத்திலிருந்து பார்த்தால்

வில்லாபுரம் மதுரையின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் சாலையை ஒட்டிய பகுதி. நெசவாளர் குடும்பங்களும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் கலந்த இடம். 1990களில் மதுரை முழுவதும் தட்டச்சுப் பயிலகங்களின் பெயர்ப்பலகைகளில் கணினி என்னும் சொல்லும் ஏறத் தொடங்கியது. அச்சுக்கோத்த ஈய எழுத்துகள் மெல்ல மெல்லப் பழைய இரும்புக்குப் போயின. டி.டி.பி. மையம் என்னும் புதிய நிறுவனம் தெருமுனைகளில் முளைத்தது.

சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அது பெரிய விடுதலை. எங்களில் சிலர் அந்த வேலைகளில் கூடமாட இருந்தவர்கள். கையெழுத்துப் பிரதியை மையத்தில் கொடுத்துவிட்டு, மெய்ப்புத் திருத்தி, பக்கங்களை ஃப்ளாப்பியில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லேசர் அச்சு எடுக்கும் இன்னொரு கடைக்குப் பேருந்தில் போவார்கள். அந்தக் கணினியில் அன்று காலை ஒரு திருமண அழைப்பிதழ், மதியம் ஒரு பள்ளியின் அரையாண்டு வினாத்தாள், மாலையில் நம் சிறுகதை. மூன்றும் ஒரே வாயில் செருகப்பட்ட ஃப்ளாப்பிகளில் வந்தவை. சிறுகதையோடு சேர்ந்து வேறொன்றும் பேருந்தில் பயணம் செய்கிறது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதழ் ஒன்றின் பக்கங்கள் முழுவதும் ஒருநாள் காலையில் திறக்க மறுத்து, மெய்ப்புத் தாள்களை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்தவர்களை நாங்கள் அறிவோம். மெய்ப்புத் தாளைத் தூக்கிப் போடாத சோம்பேறித்தனத்தால்தான் அந்த இதழ் வெளிவந்தது.

இது ஒரு ஊரின் கதையன்று. கணினி குறைவாகவும் அதைப் பகிர்ந்துகொள்பவர்கள் மிகுதியாகவும் இருந்த எல்லா ஊர்களின் கதையும் இதுவே. துவக்கக் கூற்றைப் பிடிக்கும் நச்சுநிரல்களுக்கு இணையம் தேவைப்படவில்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் பழக்கம் போதுமானதாக இருந்தது.

லாகூரிலிருந்து வந்தது

இத்தகைய நிரல்களின் முன்னோடி 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் பள்ளிச் சிறுவனாயிருந்த ரிச் ஸ்க்ரெண்டா ஆப்பிள் கணினிக்கு எழுதிய எல்க் க்ளோனர். ஐம்பதாவது முறை கணினி துவங்கும்போது திரையில் ஒரு சிறு பாட்டைக் காட்டுவதைத் தவிர அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஃப்ளாப்பி வழியே பரவிய முதல் நச்சுநிரல்களுள் ஒன்று ஒரு கவிதையைச் சுமந்து திரிந்தது என்பது இலக்கிய அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல்.

ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரல் நம் துணைக்கண்டத்திலேயே பிறந்தது. லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் சகோதரர்கள் 1986இல் எழுதிய பிரெயின். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பவர்களைக் கண்டறியவே அதைச் செய்ததாக அவர்கள் கூறினார்கள். நிரலுக்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். 1987இல் அது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. 2011இல் பின்லாந்தின் ஆய்வாளர் மிக்கோ ஹைப்போனென் அந்த முகவரியைத் தேடிக்கொண்டு லாகூர் சென்றபோது, சகோதரர்கள் அதே இடத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பிரெயினின் உள்ளமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. ஃப்ளாப்பியின் அசல் துவக்கக் கூற்றை அது அழிக்காது. வேறோர் இடத்துக்கு நகர்த்தி வைத்து, அந்த இடத்தைப் பழுதானது என்று குறித்துவிடும். காலியான முதலிடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். ஐயப்பட்ட ஒருவர் முதல் கூற்றைப் படித்துக் காட்டும்படி கணினியிடம் கேட்டால், நடுவில் புகுந்து, மறைத்து வைத்த அசலை எடுத்து நீட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் செவ்வையாக இருப்பதாகவே தோன்றும்.

மதுரைக்காரர்களுக்கு இந்த ஏமாற்று புதியதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். கோவலனைக் கள்வன் என்று அரசனுக்கு அறிவிப்பவனும் அவனே. கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வனல்லன் என்று தயங்கும் காவலர்களுக்குக் களவு நூல் கற்பித்து அவர்களின் ஐயத்தைப் போக்குபவனும் அவனே. கள்வனையே சாட்சியாக வைத்து நடந்த விசாரணை அது. அந்தப் பொய் உடைபடுவது சிலம்பு உடைபடும்போதுதான். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். வாய்மொழியை ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பிளந்து உள்ளே பார்த்த கணத்தில் உண்மை தெரிந்தது. அதற்குள் கோவலன் இறந்திருந்தான். பின்னாளில் கணினியின் துவக்கத்தைக் காக்க முயன்றவர்கள் எல்லோரும் இந்த ஒரு பாடத்தையே வெவ்வேறு விதமாகக் கற்றார்கள். சாட்சியைக் கேட்குமுன் சாட்சி யாரென்று பார்க்க வேண்டும். அதையும் தண்டனைக்கு முன்பே செய்ய வேண்டும்.

ஜோஷியின் பிறந்தநாள்

1990ஆம் ஆண்டு இந்தியாவில் ஒரு துவக்கக் கூற்று நச்சுநிரல் அடையாளம் காணப்பட்டது. ஜனவரி 5ஆம் நாள் கணினியைத் திறந்தால் அது உறைந்து நின்று, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து தட்டச்சு செய்யச் சொல்லும். சொன்னபடி தட்டச்சு செய்தால் விட்டுவிடும். ஆகவே அதற்கு ஜோஷி என்றே பெயர் வந்தது. வேடிக்கையான நிரல்தான். ஆயினும் அது இந்திய எல்லைக்குள் நிற்கவில்லை. 1990களின் முற்பகுதியில் உலகெங்கும் மிகுதியாகக் காணப்பட்ட நச்சுநிரல்களில் ஒன்றாயிற்று. மூன்று விசைகளை ஒருசேர அழுத்திக் கணினியை மறுபடி துவக்கினாலும் ஜோஷி நினைவகத்தை விட்டுப் போகாது. மறுதுவக்கம் நடந்ததுபோல் காட்டிவிட்டுத் தான் உள்ளேயே இருக்கும். மின்சாரத்தை முழுவதும் நிறுத்தினால் மட்டுமே அது நினைவகத்திலிருந்து நீங்கும்.

மைக்கலாஞ்சலோ இத்தனை சாதுவன்று. 1991இல் கண்டறியப்பட்ட அது மார்ச் 6ஆம் நாள் விழித்து, வன்தகட்டின் தொடக்கப் பகுதிகளைக் குப்பையால் நிரப்பும். அந்த நாள் சிற்பி மைக்கலாஞ்சலோவின் பிறந்தநாள் என்பதால் ஆய்வாளர்கள் சூட்டிய பெயர் அது. நிரலுக்குள் சிற்பியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 1992 மார்ச் 6 அன்று ஐம்பது லட்சம் கணினிகள் வரை அழியலாம் என்று அமெரிக்க நாளேடுகள் அஞ்சின. உண்மையில் பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்களே. ஆனால் அந்த அச்சம் ஒரு தொழிலை வளர்த்துவிட்டது. புனேயில் கணக்கிடும் கருவிகளையும் கணினிகளையும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கரின் தம்பி சஞ்சய், கடைக்கு வரும் கணினிகளில் இருந்த நச்சுநிரல்களை நீக்க எழுதிய கருவிகளிலிருந்தே குயிக் ஹீல் பிறந்தது. சென்னையில் கேசவர்த்தனன் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய கே7 கம்ப்யூட்டிங், பின்னாளில் ஜப்பானியச் சந்தை வரை சென்றது. நச்சுநிரல் எதிர்ப்பில் இந்தியர்களின் பங்கு பழுதுபார்க்கும் மேசையிலிருந்து தொடங்கியது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

அந்நாளைய மருந்து எளியது. இயங்குதளம் உள்ள நல்ல ஃப்ளாப்பி ஒன்றைத் தயார் செய்து, அதில் எவரும் எழுத முடியாதபடி அடைத்துவிட வேண்டும். பெரிய ஃப்ளாப்பியின் விளிம்பிலுள்ள வெட்டை ஒரு சிறு ஒட்டுத்தாளால் மூடுவார்கள். சிறிய ஃப்ளாப்பியில் ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகர்த்துவார்கள். கணினியில் ஐயம் எழுந்தால் மின்சாரத்தை நிறுத்தி, அந்த ஃப்ளாப்பியைக் கொண்டு துவக்கி, அதன் பிறகே வன்தகட்டைச் சோதிக்க வேண்டும். விவரமறிந்த டி.டி.பி. மையக்காரர்கள் அப்படிப்பட்ட ஒன்றைச் சாமிப் படத்துக்கு அருகிலோ பீரோவிலோ வைத்திருப்பார்கள். ஐயத்துக்குரியவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல், வெளியிலிருந்து நம்பத்தக்க ஒருவரைக் கொண்டுவரும் முறை அது. கொள்கையளவில் இன்றைய பாதுகாப்பு முறைகளும் இதைத் தாண்டிச் சென்றுவிடவில்லை.

சில்லுக்குள் நுழைந்த நஞ்சு

1990களின் பிற்பகுதியில் ஃப்ளாப்பிகள் அருகின. நச்சுநிரல்கள் வேர்டு கோப்புகளுக்கும் மின்னஞ்சலுக்கும் இடம் மாறின. துவக்கக் கூற்றை எல்லோரும் மறந்தார்கள். ஆனால் 1999 ஏப்ரல் 26 வேறொன்றை நினைவூட்டியது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச், அந்நாளில் வன்தகட்டை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளில் பயாஸ் சில்லையே அழித்தது. அதுவரை பயாஸ் நிரந்தரமானது என்ற எண்ணம் இருந்தது. அதைப் புதுப்பிக்க வசதியாக, மறுபடி எழுதக்கூடிய சில்லுகளைப் பொருத்தியிருந்தார்கள். திருத்தக்கூடியது எதுவும் கெடுக்கவும் கூடியதே. சில்லைக் கழற்றி மாற்றாதவரை அந்தக் கணினிகள் கண்திறக்கவில்லை.

2007ஆம் ஆண்டின் இறுதியில் மெப்ரூட் வந்தது. பழைய பிரெயினின் உத்தியைப் புதிய விண்டோஸில் செய்துகாட்டிய நிரல். இயங்குதளத்துக்கு முன்பே நினைவகத்தில் ஏறி, தன்னைத் தேடுபவர்களுக்குத் தூய துவக்கக் கூற்றைக் காட்டியது. நோக்கம் மட்டும் மாறியிருந்தது. லாகூர்ச் சகோதரர்கள் தங்கள் முகவரியை எழுதி வைத்தார்கள்; மெப்ரூட்காரர்கள் வங்கிக் கடவுச்சொற்களைக் களவாடினார்கள். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனைக் குறிவைத்துப் புறப்பட்ட நாட்பெட்யா, துவக்கக் கூற்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, வட்டைச் சரிபார்ப்பதுபோல் திரையில் நடித்தபடியே கோப்பு அட்டவணைகளைப் பூட்டியது. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையமும் அதில் முடங்கியது. உலகெங்கும் அந்நிறுவனத்தின் வலையமைப்பு அழிந்தபோது, அதை மீட்டெடுக்க உதவிய ஒரே படி கானா நாட்டு அலுவலகத்தில் கிடைத்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்தடை. மின்வெட்டை நன்மையாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நமக்கெல்லாம் அரிதாகவே கிடைக்கிறது.

சங்கப் பலகை

இதற்கான சிந்தனை கல்விக்கூடங்களில் முன்பே தொடங்கியிருந்தது. 1997இல் அர்பா, ஃபார்பர், ஸ்மித் என்னும் மூவர் ஈஜிஸ் என்ற அமைப்பை முன்வைத்தார்கள். சில்லில் உள்ள முதல் நிரல், அடுத்து வரும் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதனிடம் ஆட்சியைக் கொடுக்கும். அது தனக்கு அடுத்ததைச் சரிபார்க்கும். இப்படி ஒரு சங்கிலி. இங்கே கையொப்பம் என்பது கணிதம். நிரலின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கில் கொண்டு உருவாக்கப்பட்ட எண். அதை மறைசாவி வைத்திருப்பவர் மட்டுமே இடமுடியும், பொதுச்சாவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

திருவிளையாடற் புராணத்தின் சங்கப் பலகை நினைவுக்கு வருகிறது. தகுதியுள்ள புலவர் வந்தால் மட்டும் இடம் விட்டு விரியும் பலகை. 2011இல் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தரத்தில் இந்தப் பலகை செக்யூர் பூட் என்ற பெயரில் இடம்பெற்றது. 2012இல் வந்த விண்டோஸ் 8 கணினிகளோடு அது பரவியது. அதற்கு இணையாக டிபிஎம் என்னும் தனிச்சில்லும் வளர்ந்தது. துவக்கத்தின் ஒவ்வொரு படியிலும் எது ஏறியது என்பதை அளந்து, திருத்த முடியாத கணக்காக வைத்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளை அது. பலகை தகாதவரைத் தடுக்கும். கணக்குப்பிள்ளை வந்தவர் எவரென்று பிறகு சொல்வார். 2021இல் வெளியான விண்டோஸ் 11 இவ்விரண்டையும் கட்டாயத் தேவைகளாக வைத்தது.

சாவி யார் கையில்

பலகை தெய்வம் தந்தது என்றது புராணம். கணினியின் பலகையைத் தந்தவர்கள் நிறுவனங்கள். பெரும்பாலான கணினிகளில் பதிக்கப்பட்ட பொதுச்சாவிகள் மைக்ரோசாஃப்டினுடையவை. லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்று அந்தக் கணினியில் கண்விழிக்க வேண்டுமானால், அதன் முதல் நிரலுக்கும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும் என்ற நிலை வந்தது. இது பாதுகாப்பன்று, கட்டுப்பாடு என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் குரல் எழுப்பினார்கள். மேத்யூ கேரட் போன்றவர்கள் ஷிம் என்னும் இடைநிரலை எழுதி, அதற்கு ஒரு கையொப்பம் பெற்று, அதன் வழியாக லினக்ஸுக்கு வாசல் திறந்தார்கள். மேசைக் கணினிகளில் உரிமையாளர் விரும்பினால் இக்காவலை நிறுத்தவோ தம் சாவியைப் பதிக்கவோ வசதி பெரும்பாலும் உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. துவங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் கணினி கண்விழிக்கும் முதல் நொடியில் தேர்வு அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தபோது, டிபிஎம் 2.0 இல்லாத, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல பழையன என்று முத்திரை குத்தப்பட்டன. அவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரும். துவக்க வாசல் திறந்திருந்தால் மட்டும்.

வில்லாபுரத்தில் இருப்பவர்களுக்கு வாசல், சாவி, வால்வு என்பவை வெறும் உவமைகள் அல்ல. பொதுக்குழாயில் குடிநீர் வரவேண்டும் என்று போராடியதற்காக மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று கொல்லப்பட்டது இங்கேதான். அந்த உயிர்த்தியாகத்தைக் கணினியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஊற்றைக் காப்பது வேறு, ஊற்றைக் கைவசப்படுத்துவது வேறு என்பதை இந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறோம். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் தெரியும். இரண்டிலும் வாசலில் ஓர் ஆள் நிற்பான். அவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதில்தான் வேறுபாடு.

தளர்ந்த காப்புகள்

பலகை வந்தபின் கதை முடிந்ததா என்றால் இல்லை. 2018இல் ஈசெட் நிறுவனத்தார் லோஜாக்ஸ் என்ற நச்சுநிரலைக் கண்டறிந்தார்கள். அது தாய்ப்பலகையின் யூஇஎஃப்ஐ சில்லிலேயே குடியிருந்தது. வன்தகட்டை மாற்றினாலும் திரும்ப வந்தது. 2023 மார்ச் மாதம் அவர்களே ஆராய்ந்து வெளியிட்ட பிளாக்லோட்டஸ், செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்த விண்டோஸ் 11 கணினிகளிலேயே நுழைந்தது. அதன் வழி வியப்பானது. குறையுள்ள பழைய துவக்க நிரல் ஒன்றை அது தன்னோடு கொண்டுவந்தது. குறை 2022 ஜனவரியிலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் பழைய நிரலின் கையொப்பம் செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால் பழைய நிரலை நம்பியிருந்த எண்ணற்ற கணினிகள் கண்விழிக்காமல் போகும். புழக்கத்திலிருந்து எடுக்கப்படாத செல்லாக் காசு கள்வனுக்குப் பயன்பட்டது.

2023 டிசம்பரில் பைனர்லி நிறுவனம் வெளியிட்ட லோகோஃபெயில் இன்னும் வேடிக்கை. துவங்கும்போது திரையில் தோன்றும் நிறுவனச் சின்னத்தின் படத்தைப் படிக்கும் நிரலில் ஓட்டை. கெட்ட படம் ஒன்றை வைத்தால் காவல் தொடங்குமுன்பே உள்ளே போகலாம். 2024 ஜூலையில் அதே நிறுவனம் மற்றொன்றைச் சொன்னது. பல நூறு வகைக் கணினிகளில் முதன்மைச் சாவியாகப் பதிக்கப்பட்டிருந்தது ஒரு சோதனைச் சாவி. இதை நம்பாதீர் என்று அந்தச் சாவியின் மேலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எவரும் படித்துப் பார்க்கவில்லை.

1984இல் அச்சான தம் டியூரிங் விருது ஏற்புரையில் கென் தாம்சன் இதன் வேரைத் தொட்டிருந்தார். நிரலின் மூலத்தை வரிவரியாகப் படித்தாலும் போதாது. அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியே கெட்டிருக்கலாம். அந்தக் கருவியை உண்டாக்கிய கருவியும் கெட்டிருக்கலாம். எங்கோ ஓரிடத்தில் ஒரு மனிதரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரில் திறந்த வடிவமைப்புடைய செயலிகளை உருவாக்கும் முயற்சியையும் நாம் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். நம்பிக்கையின் முதற்படி சில்லிலேயே இருப்பதால், அந்தச் சில்லின் வரைபடத்தை நாமே படிக்க முடிவது சிறிய செய்தியன்று.

இத்தனைக்கும் பிறகு, எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது என்ன? செக்யூர் பூட் வசதி உள்ள கணினியில் அதைத் தக்க காரணமின்றி நிறுத்தி வைக்க வேண்டாம். தயாரிப்பாளர் வெளியிடும் பயாஸ் திருத்தங்களைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் தலைமுறைச் சாவிகளின் ஆயுளே 2026 வரை என்றுதான் வகுக்கப்பட்டது, புதிய சாவிகள் அத்திருத்தங்களின் வழியாகவும் வரும். முகம் தெரியாத ஒருவர் தந்த பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்க வேண்டாம். எழுதியதற்கு, அந்தக் கணினியோடு தொடர்பில்லாத இன்னொரு படியை வேறோர் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் தமிழர்கள் நெடுங்காலமாக அறிந்தது. ஏட்டுச்சுவடிகளைக் கரையானும் ஈரமும் தின்றன. ஆயினும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் படியெடுக்கப்பட்டவை பிழைத்தன. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தன்னார்வலர்களைக் கூட்டித் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தரத் தொடங்கியபோது, அந்தத் திட்டத்துக்கு இட்ட பெயர் மதுரை. அந்நூல்கள் இன்று எத்தனை நாடுகளில், எத்தனை வன்தகடுகளில் இருக்கின்றன என்று எண்ணி முடியாது. அவற்றுள் எந்த ஒன்று கெட்டாலும் மற்றொன்றோடு ஒத்துப்பார்த்து அசலை அறியலாம்.

ஒரே வாசலில் ஒரே காவலனை நிறுத்தினால் அவன் உறங்கும் நாள் ஒன்று வரும். அப்போது நமக்கு உதவப்போவது, வேறொரு வீட்டில் வேறொருவர் எடுத்து வைத்திருக்கும் படிதான்.